பல்லில் படாத பலகாரம்

மிக்ஸியின் மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அந்த நேரத்தில் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கே, கோயமுத்தூர்ப் பக்கம், தென்னை மட்டைகளுக்குப் பின்னால் வானத்தின் ஓரம் மஞ்சள் பிடித்துக்கொண்டிருந்தது. அடடா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே சுவிட்சைத் தட்டினேன்.

அடுத்த நொடி அந்த விடியல் முழுவதும் எங்கள் சமையலறைச் சுவரில் இருந்தது.

முதலமடை மாம்பழம், நேந்திரம் பழம், ஒரு கை பேரீச்சை, இளநீர் வழுக்கை, மலைத்தேன். எல்லாம் ஒன்றாகக் கிளம்பிக் கூரையைத் தொட்டுத் திரும்பின. எங்கள் வீட்டில் இரண்டு காலண்டர்கள் அடுத்தடுத்துத் தொங்கும். என் பக்கத்து முருகன் மேலும் என் மனைவி பக்கத்து இயேசு மேலும் பாரபட்சம் இல்லாமல் தெறித்தது. என் கண்ணாடியில் ஒரு பேரீச்சைத் துண்டு ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கீழே வழுக்கியது.

சமையலறை வாசலில் என் மச்சான் நின்றிருந்தார். கண்ணைச் சுருக்கிச் சுவரைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, பல்பு வெடிச்சிருச்சா?"

"இல்லீங் மச்சா. காலைப் பலகாரமுங்க."

எஸ்தர், என் மனைவி, ஈரத்துணியோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, எழுதறதுக்குப் பேப்பர் பத்தலன்னு செவுத்துக்கு வந்துட்டீங்களா?"

மிக்ஸி ஜாரின் அடியில் மிஞ்சியதை ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, மச்சானிடம் இரண்டு கையாலும் நீட்டினேன். ஒரு டம்ளர் பழக்கூழை நீட்ட ஒருவனுக்கு ஏன் இவ்வளவு பயபக்தி? அதைச் சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை.

வாசலில் நின்ற சொல்

மச்சான் பெயர் ஞானராஜ். எஸ்தரின் ஒரே அண்ணன். சூரியநெல்லியில் ஜீப் ஓட்டுகிறார். இருட்டோடு சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு கொழுக்குமலை உச்சிக்குப் போவார். சூரியன் கிளம்புவதைக் காட்டுவார். அவர்களுடைய இடுப்பெலும்புகளை இடம் மாற்றிப் பத்திரமாகக் கீழே இறக்குவார். அந்தப் பாதையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார் என்று சொல்வார்கள். பின்னால் அது உண்மையாகவே ஆகிவிட்டது.

நான் வாலிபத்தில் அந்த மலைக்கு மூடுபனியைப் பற்றி எழுதப் போனவன். எங்கள் கேரள எல்லை ஊரான வேலந்தாவளத்துத் தோப்பில் தேங்காய் விழுகிற சத்தமும், சந்தை நாளில் மாடுகளை இறக்குகிற லாரிச் சத்தமும் என் கற்பனைக்குப் போதவில்லை. எனக்கு எதுவுமே போதாது. காளான் வளர்த்தேன், வனிலா வைத்தேன், தேனீப் பெட்டி வாங்கினேன்; எதிலும் ஒரு மழைக்கு மேல் நின்றதில்லை. மூடுபனியிலும் நிற்கவில்லை. அது ஒருநாள் விலகியது, எஸ்டேட் பள்ளிக்கூடத்து எஸ்தர் டீச்சர் தெரிந்தார், கட்டுரையின் தலைப்பு மாறிப்போயிற்று. பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். நான் நின்ற ஒரே இடம் அதுதான்.

எங்கள் பக்கத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சில பொங்கல் கழிந்ததும் தானாக இறங்கிவிட்டது. அவர்கள் பக்கம் மச்சான் மட்டும்தான். திருமணம் முடிந்த வாரமே தேடிக்கொண்டு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

அவரைச் சமாதானப்படுத்த எனக்கு நல்ல நல்ல வாக்கியங்கள் தயாராக இருந்தன. வாயில் வந்தது ஒன்றுதான்.

"உள்ள வாங்க மச்சா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாமுங்க."

அங்கேதான் கெட்டது. சாப்பாட்டை நான் இழுக்காமல் இருந்திருந்தால், மனிதர் வேறு எதையாவது சொல்லித் திட்டிவிட்டுப் போயிருப்பார்.

"ஒங்க வீட்டுல ஒரு பருக்க என் பல்லுல படாது. ஆண்டவர் மேல பொருத்தனை."

எங்களூரில் கோபத்தில் ஆளுக்கொரு சத்தியம் செய்வோம். சாயங்காலம் கள்ளுக்கடையில் அது கரைந்துவிடும். எஸ்தர் வீட்டாருக்குப் பொருத்தனை என்பது அப்படி அல்ல. ஆண்டவர் பேரைச் சொல்லி ஒன்றை நேர்ந்துகொண்டால் நேர்ந்ததுதான். நல்லதுக்கு நேர்ந்தாலும், கோபத்தில் நேர்ந்தாலும்.

வருடங்கள் ஓடின. கோபம் தேய்ந்தது, சொல் தேயவில்லை. இப்போது வெளியூரில் இருக்கும் மகள் பிறந்தபோது வந்தார், குழந்தைக்கு மோதிரம் போட்டார், பாலில்லாத கட்டன் சாயா மட்டும் குடித்தார், போய்விட்டார். எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு வந்தார், மாவிலைத் தோரணம் கட்டக் கை கொடுத்தார், கட்டன் சாயா, போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் எஸ்தர் அவருக்கும் சேர்த்துச் சமைப்பாள். அவர் பஸ் ஏறியதும் அடுப்படியில் நின்று, "சோறு மிஞ்சிப்போச்சு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இராது. எனக்கோ மேலே பேச ஆயிரம் வார்த்தை உண்டு. எதுவும் அந்தச் சோற்றைக் குறைக்கவில்லை.

கண்ணும் பரோட்டாவும்

இந்த வருடம் மாசி முடிகிற சமயத்தில் போன் வந்தது. மச்சானுக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதிரே வந்த ஒரு லாரி இரண்டு லாரியாகத் தெரிந்திருக்கிறது. மனிதர் இரண்டுக்கும் நடுவில் போகப் பார்த்திருக்கிறார். கடைசி நொடியில் பிரேக் பிடித்தது ஆண்டவர் கிருபை.

லைசென்சைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு ஆபரேஷன் வேண்டும். மே மாதச் சுற்றுலாக் கூட்டத்துக்குள் அவர் வண்டியில் உட்காராவிட்டால், ஜீப் ஸ்டாண்டில் அவருடைய முறை வேறு ஆளுக்குப் போய்விடும். போனால் திரும்பி வராது. கொழுக்குமலைப் பாதை தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர்.

எங்கள் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் கைராசியான டாக்டரம்மா இருந்தார். மச்சானை உடுமலை வழியாக அழைத்து வந்தோம். டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார். "முதல்ல சர்க்கரை இறங்கட்டும்" என்றார். மாத்திரை எழுதினார். சாப்பாட்டில் கவனம் என்றார். மங்கின கண்ணோடு மலைக்கும் இங்கும் அலைய வேண்டாம் என்று மச்சான் எங்கள் வீட்டிலேயே தங்கினார்.

தங்கினார். ஆனால் சாப்பிடவில்லை.

காலையில் எழுந்து, தட்டுத் தடுமாறி, முக்கில் இருக்கிற பரோட்டாக் கடைக்குப் போவார். மத்தியானமும் அங்கேதான். ராத்திரியும் அங்கேதான். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வேறு. அவர் கறி தொடமாட்டார் என்பதால் சால்னாவும் கிடையாது. பரோட்டாவைச் சாம்பாரில் நனைத்துத் தின்றார். உடம்புக்கும் கேடு, பரோட்டாவுக்கும் அவமானம்.

எஸ்தர் ராகி மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு, அண்ணன் தெருவில் இறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள்.

"எம் வீட்டுல கேப்ப தோச இருக்கு, கீர இருக்கு. எங்கண்ணன் கடையில போயி மைதாவத் தின்னு கண்ண அவிச்சுக்கிறான். டாக்டர் எப்படிங்க ஆபரேசன் பண்ணுவாங்க?"

"நான் பேசிப் பாக்கட்டுமா?"

"வேண்டாம். நீங்க பேசித்தான் இம்புட்டும்."

ஒரு சந்தேகமுங்க

அன்று மத்தியானம் தோப்பில் படுத்துக்கொண்டு போனில் எதையோ தேடினேன். எதைத் தேடினேன் என்பது நினைவில்லை. நான் எதைத் தேடிப் போனாலும் வேறு ஒன்றுதான் கிடைக்கும். ஒரு பெண்மணி, வெள்ளை வெளேர் என்ற சமையலறையில், சிரித்துக்கொண்டே பழங்களை மிக்ஸியில் போட்டார். ஒரு சுற்று. கண்ணாடிக் கிளாஸ். "முழுமையான, ஆரோக்கியமான காலை உணவு" என்றார். ஸ்மூத்தி என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். காலை உணவு. முழுமையானது. பல்லுக்கு வேலை இல்லாதது.

மச்சான் வேப்பமரத்தடியில் கட்டிலில் இருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க மச்சா. ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்க மாப்ள."

"உங்க பொருத்தனையில... குடிக்கறது வருமுங்களா?"

மச்சான் வெகுநேரம் யோசித்தார். ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, அலுத்துப் பறந்துபோயிற்று.

"பல்லுன்னுதான் சொன்னேன். தொண்டையப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"அப்பச் சேரிங்க."

உலகத்துச் சட்டப் புத்தகங்கள் அத்தனையிலும் இவ்வளவு அழகான ஓட்டை இருக்காது என்று எனக்குத் தோன்றியது. ஓட்டையைக் கண்டுபிடித்தவன் நான். சந்தையில் ஜோடி மாடு பிடித்தவன் மாதிரி தோளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

கெட்டியா இருக்கு

மறுநாள் காலை நடந்ததுதான் நான் முதலில் சொன்ன சுவர்ச் சித்திரம். இப்போது அந்த டம்ளருக்குத் திரும்பலாம்.

மச்சான் அதை வாங்கினார். கண்ணை மூடி ஜெபித்தார். மூடிய கண்ணைத் திறக்காமலே ஒரே மூச்சில் குடித்தார். எஸ்தர் ஈரத்துணியைச் சுவரில் வைத்தபடி அப்படியே நின்றாள். எங்கள் வீட்டுக்குள் அவர் தொண்டையில் சாயா அல்லாத ஒன்று இறங்கியது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"கெட்டியா இருக்கு மாப்ள."

நான் எழுதிய எதைப் பற்றியும் எந்த விமரிசகரும் இப்படிச் சொன்னதில்லை. அன்று முழுக்கத் தரையில் கால் படவில்லை.

அதற்குப் பிறகு என்னை யாரும் பிடிக்க முடியவில்லை. வீடியோப் பெண்மணி சொன்ன பழங்கள் வேலந்தாவளத்தில் கிடைக்காது. எனக்கென்ன? அவர் ஸ்ட்ராபெர்ரி என்றால் நான் செவ்வாழை. அவர் சியா என்றால் நான் சப்ஜா விதை. மச்சான் மலையிலிருந்து கொண்டுவந்திருந்த பேஷன் ஃப்ரூட்டை அவருக்கே அரைத்துக் கொடுத்தேன். பப்பாளியைப் பாலோடு அடித்துவிட்டு, அதன் நிறத்தைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு வருவதற்குள் அது வேப்பெண்ணெய் மாதிரி கசந்துபோயிருந்தது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அன்னாசியும் தயிரும் ஒன்றோடொன்று சண்டை போட்ட ஒருநாளும் உண்டு. குடித்தார்.

ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். "மஞ்சள் மௌனம்" என்பது மாம்பழம். "மலையும் சமவெளியும்" என்பது பேஷன் ஃப்ரூட்டோடு நேந்திரம். பெயரைச் சொல்லித்தான் டம்ளரை நீட்டுவேன். மச்சான் பெயரைக் கேட்பார், மரியாதையாகத் தலையை ஆட்டுவார், குடிப்பார்.

"எப்படிங்க மச்சா?"

"கெட்டியா இருக்கு."

"எப்படி ரசிச்சுக் குடிக்கறார் பாத்தியா, கண்ண மூடி?" என்றேன் எஸ்தரிடம்.

"சின்ன வயசுல வெளக்கெண்ணெய் குடிக்கறப்பவும் அப்படித்தான் மூடுவான்" என்றாள்.

ஆனாலும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அந்த டம்ளரைத் தனியாகத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பாள். மச்சான் காலையில் பரோட்டாக் கடைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு ராத்திரிக்கும் ஒரு டம்ளர் சேர்ந்தது. மத்தியானத்துக்கு மட்டும் கடை. அண்ணன் இரண்டு வேளை தன் வீட்டில் பசியாறுகிறான் என்பது அவளுக்குப் பெரிதாக இருந்தது. ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்:

"ஏங்க, இம்புட்டுப் பழம் போட்டாச் சர்க்கரை ஏறாதா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைக் கிள்ளத் தோன்றுகிறது.

"எஸ்தரு, ஒரு துளி சீனி போடறேனா? இதெல்லாம் மரத்துல பழுத்தது. மலைத்தேன். நாட்டுச் சரக்கு. உடம்புக்குத் தெரியும், எது எதுன்னு."

அவள் நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள் என்று சொல்வதுதான் சரி. மறுநாள் நான் பார்க்காதபோது, அண்ணனுக்குப் பலம் வரட்டும் என்று அவளே இன்னும் ஒரு கை பேரீச்சையை ஜாருக்குள் போட்டிருக்கிறாள்.

பிளாஸ்கோடு போனவன்

மறுபரிசோதனைக்குப் போன அன்று நான் பிளாஸ்க் கொண்டுபோனேன். வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். பிறகு வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டு இன்னொருமுறை. வழக்கமாகச் சாப்பிடுவதை நான் நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனேன். அன்றைக்கு விசேஷத் தயாரிப்பு. மாம்பழம், செவ்வாழை, இளநீர், தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் மற்ற நோயாளிகள் இட்லிப் பொட்டலம் பிரிக்க, நான் மச்சானுக்கு மூடி மூடியாக ஊற்றிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "இது என்னாங்க, பெயிண்டுங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் கௌரவமாக இருந்தேன்.

இரண்டு முடிவும் வந்தன. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். அவர் ஒற்றப்பாலம் பக்கத்து மலையாளி. எங்களுக்காகத் தமிழை மெனக்கெட்டு வரவழைப்பார்.

"ஞானராஜ் சேட்டா, இது என்னா? போன தடவையில் காட்டியும் கூடிப்போச்சு. இப்போ கத்தி வெச்சா புண்ணு ஆறாது. கண்ணு கெட்டுப்போவும். ஆபரேஷன் இப்போ இல்லா."

மேசை விளிம்பைப் பிடித்திருந்த மச்சானின் விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல இறுகின.

"சத்யம் சொல்லணும். காலையில என்னா சாப்பிட்டது?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொல்லட்டும், நன்றாக விளக்கிச் சொல்லட்டும் என்று.

"பரோட்டா, டாக்டர்" என்றார் மச்சான். "தெனமும் பரோட்டாதான். கேக்காமத் தின்னுட்டேன். எம் மேலதான் தப்பு."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் பிடிபடவில்லை. விடிந்ததிலிருந்து அவரோடு இருப்பவன் நான். என் பிளாஸ்க் மூடியில் அவர் வாய் வைத்ததை நான் பார்த்தேன். பொருத்தனைக்காக வருடக்கணக்கில் பசியோடு பஸ் ஏறிய மனிதர், வாய் கூசாமல் ஒரு பொய் சொல்கிறார். யாருக்காக?

பிறகு பிடிபட்டது. மெதுவாக, என் கண்ணாடியில் வழுக்கிய பேரீச்சைத் துண்டு மாதிரி.

"இல்லீங்க டாக்டர்" என்றேன். "பரோட்டா இல்லீங்க. நாந்தானுங்க." பிளாஸ்கை மேசைமேல் வைத்தேன்.

டாக்டரம்மா திறந்து பார்த்தார். முகர்ந்தார்.

"இதில் என்னெல்லாம் போட்டது?"

சொன்னேன். ஒவ்வொரு பழமாக, ஒவ்வொன்றுக்கும் குரல் ஒரு படி இறங்கிக்கொண்டே வந்தது. பேரீச்சைக்கு வந்தபோது எனக்கே கேட்கவில்லை.

"எத்தனை நேரம்?"

"காலையில... ராத்திரியும்ங்க. ஆனா சீனி ஒரு துளி போடலீங்க."

"சீனி போடல்லேன்னு மாம்பழத்துக்குத் தெரியுமோ?" டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இது பிரேக்ஃபாஸ்ட் அல்லா சாரே, இது கல்யாணம்! தினமும் வெறும் வயத்தில் ஒரு கல்யாணம்! நிங்கள் என்னா ஜோலி?"

"எழுதறனுங்க."

"அதாக்கும் விஷயம்" என்றார்.

பிறகு மச்சான் பக்கம் திரும்பி, நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இனி அரைத்தது, கரைத்தது, குடிக்கிறது எதுவும் ஆகாது. கடைச் சாப்பாடும் ஆகாது. வீட்டில் செய்த ராகி, கீரை, பயறு. மென்று, நன்றாகக் கடித்துச் சாப்பிட வேண்டும். மாத்திரையோடு அப்படிச் சாப்பிட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம். இல்லை என்றால் இந்த வருடம் மறந்துவிடலாம்.

கடித்துச் சாப்பிட வேண்டும். வீட்டில் செய்தது. டாக்டரம்மாவுக்கு எங்கள் வீட்டுப் பொருத்தனை தெரியாது. தெரிந்திருந்தாலும் இவ்வளவு சரியாகக் குறிவைத்திருக்க முடியாது.

பேருந்தில்

திரும்பும்போது பேருந்தில் இடம் கிடைத்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியே புழுதியோடு அடித்தது. நான் பிளாஸ்கைக் காலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

"ஏன் மச்சா பரோட்டான்னு சொன்னீங்க?"

"பின்ன என்ன? வெளியாள் முன்னாடி வீட்டு மாப்பிள்ளைய விட்டுக் குடுக்கவா?"

"நல்லா இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பனுங்களே."

மச்சான் தெரியாத கண்ணால் வெளியே தெரியாத எதையோ பார்த்தார்.

"எப்படி மாப்ள சொல்றது? சோறு திங்க மாட்டேன்னு ஒங்க வாசல்ல நின்னு சொல்லி ஒருவாட்டி அவமானப்படுத்தியாச்சு. இத்தன வருசம் கழிச்சு நீங்களா ஒரு வழி கண்டுபுடிச்சு, காலங்காத்தால எந்திரிச்சு, ஒங்க கையால குடுக்கறீங்க. அதையும் வேண்டாம்னு சொன்னா நான் என்ன மனுசன்?"

பிளாஸ்கைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டுக் கேட்டேன். "அப்ப அந்தப் பப்பாளி..."

"அதப் பத்திப் பேச வேண்டாம் மாப்ள."

வீட்டுக்கு வந்ததும் எஸ்தரிடம் சொன்னோம். மாறி மாறித் தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டு சொன்னோம். அவள் இருவரையும் பார்த்தாள்.

"ஒருத்தன் திங்க மாட்டான். ஒருத்தன் விட மாட்டான். நடுவுல அந்தக் கண்ணு போகுது" என்றாள். ராகி மாவுப் பாத்திரத்தை எடுத்து வைத்து, மூடாமலே உள்ளே போய்விட்டாள்.

பச்சை

இத்தோடு புத்தி வந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் ஆசை. ஆனால் பொருத்தனை அப்படியேதான் இருந்தது. அவரைப் பரோட்டாக் கடைக்கும் அனுப்ப முடியாது. டாக்டரம்மா அரைக்கக் கூடாது என்றதை நான் பழத்தை அரைக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டேன். இனிப்புதானே பிரச்சினை?

மறுநாள் விடியுமுன் மிக்ஸியில் பாகற்காயைப் போட்டேன். முருங்கைக்கீரை. வெள்ளரிக்காய். ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அந்தப் பச்சை இந்த உலகத்துப் பச்சை இல்லை. நிற்கிற குளத்தில்கூட அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. பக்கத்து அடுப்பில் எஸ்தர் எனக்கும் தனக்கும் ராகி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். வெங்காயமும் பச்சை மிளகாயும் கல்லில் வெந்த வாசம் ஒரு பக்கம். என் ஜாரிலிருந்து கிளம்பிய வாசம் மறுபக்கம். மூடியை மறக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

சத்தம் சட்டென்று நின்றது.

மச்சான் உள்ளே வந்து, தடவித் தடவி, பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். ஜார் மேல் மூக்கை வைத்தார். பின்வாங்கினார்.

"இது என்ன மாப்ள? இதுக்குப் பேரு வச்சாச்சா?"

"'பச்சைப் பொறுமை'ன்னு யோசிச்சிருந்தனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். வருடக்கணக்கில் எனக்காக அவர் காத்து வைத்திருந்த மரியாதை அத்தனையும் அவர் முகத்திலிருந்து கழன்று விழுவதை நான் பார்த்தேன்.

"போதும் மாப்ள. போதும்! ஒரு மனுசன் எம்புட்டுத்தான் குடிப்பான்? வெளக்குமாத்துத் தண்ணி தேவலை. மாம்பழத்துல ஆரம்பிச்சு, கெட்டியாக் கெட்டியாக் குடுத்து, எந்தொண்டையே அடைச்சுப்போச்சு. இன்னொரு கிளாசு ஒங்க கையால குடிக்கறதுக்குப் பதிலா, பொருத்தனைய முறிச்சேன்னு ஆண்டவர்கிட்ட அடி வாங்கிக்கிறேன்!"

தோசைக்கல் மட்டும் சீறியது.

"ஏ பாப்பா" என்றார், எஸ்தர் பக்கம் திரும்பி. "தட்டு எங்க இருக்கு இந்த வீட்டுல?"

எஸ்தர் நகரவில்லை. தோசைத் திருப்பி அவள் கையில் இருந்தது. "அண்ணே, பொருத்தனை..." என்றாள்.

"கோவத்துல பேசுனவன் நானு. அதுல ஆண்டவர் பேர இழுத்துவிட்டேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது, நான் பேசிக்கிறேன். நீ தோசையப் போடு. கருகுது."

கருகித்தான் இருந்தது. அந்தக் கருகினதையே கேட்டு வாங்கினார். கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி ஜெபித்தார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ஜெபித்தார். நடுவில் ஒருமுறை உதட்டைப் பிதுக்கித் தலையசைத்ததைப் பார்த்தால், அந்தப் பக்கத்திலிருந்தும் ஏதோ கேள்வி வந்திருக்கும் போல. பிறகு ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டார். மென்றார். ராகி தோசையை மெல்லுகிற சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எஸ்தர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல்லில் மாவே இல்லாமல் வெறுமனே எண்ணெய் தடவிக்கொண்டு நின்றாள்.

"உப்புக் கொறச்சல்" என்றார் மச்சான்.

"வேணும்னா போட்டுக்க" என்றாள் அவள், திரும்பாமல்.

என் ஜாரில் இருந்ததை யாரும் கேட்கவில்லை. வீணாக்கக் கூடாது என்று நானே ஒரு டம்ளரில் ஊற்றி ஒரு வாய் வைத்தேன். ஒரு வாய்தான். தோப்புக்குப் போய்த் தென்னை மூட்டில் ஊற்றினேன். மச்சான் இத்தனை நாள் எப்படி உயிரோடு இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் ஆச்சரியமாக இருந்தது.

கட்டு அவிழ்த்தபோது

ராகியும் கீரையும் மாத்திரையும் வேலை செய்தன. என்னைச் சமையலறைப் பக்கம் அண்டவிடாததும் ஒரு காரணம் என்று எஸ்தர் சொல்கிறாள். சித்திரை பிறந்து சில நாட்களில் டாக்டரம்மா வலது கண்ணுக்குக் கத்தி வைத்தார். மே மாதக் கூட்டத்தின் பின்பாதிக்காவது ஜீப் ஏறிவிடலாம், சான்றிதழ் தருகிறேன் என்றார். ஸ்டாண்டுக்குப் போன் போட்டு, முறையை வைத்திருக்கச் சொல்லியாயிற்று.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். எஸ்தர் மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தாள். அறையில் நானும் அவரும்தான். நர்ஸ் பஞ்சை எடுத்துவிட்டு, மெல்லக் கண்ணைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றி, மீசை, காதோரம். வாசலில் செருப்போடு நின்ற அன்றைக்குப் பிறகு அவர் என்னை இப்படி நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"மாப்ள... இம்புட்டு நரைச்சிட்டீங்களே."

"ஆமாங்க மச்சா."

"இதெல்லாம் எப்ப?"

"நீங்க வந்து வந்து, சாப்புடாமப் போயிட்டு இருந்தீங்களே மச்சா. அப்பத்தானுங்க."